கைப்பட எழுதிய புகார்

செப்டம்பர் 28

மண்டலப் போட்டி. பெண்கள் நானூறு மீட்டர். கனிஷ்கா ரெண்டாவது. டைம் 58.31. முதல்ல வந்தவ 58.20.

அருப்புக்கோட்டை மதுரை பஸ்ல இருபது வருஷமா கண்டக்டரா இருக்கேன். நான் விசிலை வாய்க்குக் கொண்டு போறதுக்கே அந்த வித்தியாசத்தைவிட நேரம் ஆகும். அந்தத் துளி நேரத்துல எம்மக ரெண்டாவது. முதல் எட்டுப் பேருக்கும் மாநிலப் போட்டி உண்டு, ஆனா அங்கே முதல்ல வந்தாத்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல காலேஜ் சீட்டு. ரெண்டாவது வந்தா கையைக் குலுக்கி அனுப்புவாங்க.

முதல்ல வந்தது தூத்துக்குடிப் பக்கத்துப் பொண்ணு. பேரு ரெக்ஸ்லின். கிராப் வெட்டியிருக்கு. ஓடி முடிச்சதும் "யப்பா!"ன்னு அவங்கப்பாவை ஒரு கத்து. எவனோ லாரி டிரைவர்னு நான் திரும்பிப் பார்த்தேன். மேலுதட்டுல லேசா நிழல் வேற. நான் ஒண்ணும் சொல்ல வரலை. கண்ணுல பட்டதை எழுதுறேன், அம்புட்டுதான்.

செப்டம்பர் 30

டீக்கடை பேப்பர்ல விவரமாப் போட்டிருந்தான். பெண்கள் பிரிவுத் தகுதிச் சட்டம் போன மாசமே அமலுக்கு வந்துருச்சாம். பெண்கள் போட்டியில பொண்ணுங்க மட்டும்தான் ஓடணும். சந்தேகம்னா யார் வேணா புகார் குடுக்கலாம், மருத்துவக் குழு சோதிச்சுச் சொல்லும். புகாரைக் கைப்பட எழுதணும், டைப் அடிச்சா செல்லாது.

நல்ல சட்டம். டிரைவர் ஜபருல்லாகிட்ட படிச்சுக் காட்டினேன். "உனக்கு எதுக்குய்யா இந்த வேலை?"ன்னாரு. பொம்பளைப் பிள்ளையைப் பெத்தவனுக்குத்தான் தெரியும் அருமைன்னேன். அவருக்கு மூணும் பையங்க.

அக்டோபர் 2

லீவு நாள். புகார் எழுதி முடிச்சேன். ரெண்டு பக்கம். குரல், கிராப்பு, உதட்டு நிழல், தோள்பட்டை அகலம், எல்லாத்தையும் ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டு எழுதினேன். என் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். டிப்போவுல லீவு லெட்டர் எழுத எல்லாரும் எங்கிட்டதான் வருவாங்க. மைப் பேனாவைச் சட்டைப்பையில சொருகாம நான் வீட்டை விட்டு இறங்கினதே இல்லை.

புகார் குடுக்கிறவர் பேரை ரகசியமா வைப்பாங்களாம். அதனால வீட்டுலயும் சொல்லலை. சட்டமே ரகசியம்ங்கும்போது நாம மீறக் கூடாது.

கனி காலையில ஓடினது 59.02.

அக்டோபர் 3

பதிவுத் தபால்ல போட்டாச்சு. கனி 58.90.

அக்டோபர் 16

பி.டி. டீச்சர் ஸ்கூலுக்கு வரச் சொன்னாங்க. போனேன். ஒரு ஆர்டரைக் காட்டினாங்க. மண்டலப் போட்டி நானூறு மீட்டர்ல புகார் வந்திருக்கு. சட்டப்படி ஒரு பொண்ணை மட்டும் தனியாக் கூப்பிட்டு அவமானப்படுத்தக் கூடாது. அதனால அந்த ரேஸ்ல முதல் எட்டு இடம் வந்த எல்லாரையும் சோதிக்கணும்.

அந்தப் பிரிவு பேப்பர்ல வரலை. யோசிச்சுப் பார்த்தா நியாயமாத்தான் படுது. நமக்கென்ன, மடியில கனமா இருக்கு?

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கனி என்கூட நடந்து வந்தா. "யாருப்பா இந்த வேலையைப் பார்த்திருப்பா?"ன்னு கேட்டா. "எவனாவது வேலையத்தவனா இருக்கும்"னேன்.

வீட்டுல சொன்னதும் பஞ்சவர்ணம் அடுப்புல பால் பொங்கி வழியுறதைப் பார்த்துக்கிட்டே நின்னா, அணைக்கலை. நான்தான் போய் அணைச்சேன். "அவ ஓட வேண்டாங்க. பன்னெண்டாவது படிக்கிற பிள்ளை, படிக்கட்டும்"ங்கிறா. தெனமும் காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு முட்டை அவிச்சு, ஊறவெச்ச பாதாமைத் தோல் உரிச்சு பிள்ளை வாயில திணிக்கிறவ இவதான். என்னடி திடீர்னுன்னேன். தலைவலின்னு போய்ப் படுத்துட்டா.

அக்டோபர் 18

ஆதாரம் தயார் பண்ணிட்டேன். ரெண்டு வருஷத்துக்கு முந்தி கனிக்கு நடத்துன சடங்கு ஆல்பம், அச்சடிச்ச பத்திரிகை ரெண்டும். "எங்கள் செல்வப் புதல்வி கனிஷ்காவின் பூப்புனித நீராட்டு விழா"ன்னு தங்க எழுத்துல போட்டிருக்கு. இதைவிட என்ன சர்ட்டிபிகேட் வேணும்? தாய்மாமன் இருபத்தோரு தட்டு சீர் கொண்டு வந்தான், மேளம் வெச்சு, ரோட்டை அடைச்சு. டிராபிக் போலீஸ் வந்து திட்டினதுகூட ஒரு போட்டோவுல இருக்கு.

அந்த மாமன் பால்ச்சாமியையே சாட்சிக்குக் கூப்பிட்டிருக்கேன். பஞ்சவர்ணத்தோட தம்பி. "மச்சான், பிள்ளையை உட்கார வெக்கப் பச்சை ஓலையில குச்சு கட்டினது என் கை. எந்தக் கோர்ட்டுலயும் வந்து சொல்றேன்"ன்னான்.

ஒண்ணு ஞாபகம் வருது. பதினாறு நாள் தனியா உட்கார வெக்கிறது எங்க பக்கத்து வழக்கம். பஞ்சவர்ணம் மூணாம் நாளே கனியை ஸ்கூலுக்கு அனுப்பிட்டா. என் அக்கா சண்டைக்கு வந்துச்சு. என் சம்சாரம் எவ்வளவு முற்போக்குன்னு நான் டிப்போ பூராச் சொல்லிப் பெருமைப்பட்டேன். கனியும் அப்படித்தான். மத்த பிள்ளைங்க மாசாமாசம் வயித்து வலின்னு பிராக்டிஸுக்கு மட்டம் போடும். எம்மக ஒரு நாள் போட்டதில்லை. பி.டி. டீச்சரே பாராட்டினாங்க.

அக்டோபர் 23

மருத்துவக் குழு. பெரிய ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி. எட்டுப் பொண்ணுங்க, அவங்களைப் பெத்தவங்க, ஒரே பெஞ்சு.

என் பக்கத்துல உட்கார்ந்தவர் ரெக்ஸ்லினோட அப்பா. உப்பளத்துல வேலை, பேரு அந்தோணி. கால் விரலெல்லாம் வெடிச்சிருக்கு. பையில இருந்து மக்ரூன் பொட்டலத்தை எடுத்து "சாப்பிடுங்கண்ணே"ன்னு நீட்டினார். எடுத்துக்கிட்டேன். "தாய் இல்லாத பிள்ளைண்ணே. தலை வாரி விட ஆளில்லைன்னு நான்தான் கிராப் வெட்டி விட்டேன். அது குத்தமாப் போச்சு. எந்த நாசமாப் போறவன் எழுதிப் போட்டானோ, அவன் விளங்குவானா?"ன்னார்.

விளங்க மாட்டான்னு நானும் சொன்னேன். மக்ரூன் நல்லா இருந்துச்சு. இன்னொண்ணு எடுக்கலை.

உள்ளே மங்கையர்க்கரசின்னு ஒரு டாக்டரம்மா. ஆல்பத்தை மேஜை மேல வெச்சேன். "என்ன சார் இது?"ன்னாங்க. ஆதாரம்னேன். மரியாதைக்கு நாலு பக்கம் புரட்டினாங்க. "சாப்பாடு நல்லா இருந்திருக்கும் போல"ன்னு சொல்லித் திருப்பிக் குடுத்தாங்க. பால்ச்சாமி "குச்சு கட்டினது நான்தான் மேடம்"னான். வெளியே உட்காரச் சொன்னாங்க.

சோதனை ஒண்ணும் பெரிசில்லை. கன்னத்துக்கு உள்பக்கம் பஞ்சுக் குச்சியால ஒரு தேய்ப்பு. பிறகு அம்மாக்களை ஒவ்வொருத்தரா உள்ளே கூப்பிட்டுக் கேள்வி கேட்டாங்க. மத்தவங்க அஞ்சு நிமிஷத்துல வந்தாங்க. பஞ்சவர்ணம் முக்கால் மணி நேரம். வெளியே வந்தப்போ முந்தானையைக் கையில நல்லா முறுக்கிச் சுத்தியிருந்தா. உள்ளே ஏசி குளிர்னா.

அக்டோபர் 24

கனி 58.44. பஞ்சவர்ணம் முட்டை அவிச்சா, உப்புப் போட மறந்துட்டா.

அக்டோபர் 31

தீபாவளி. ஸ்பெஷல் பஸ் டூட்டி. கூட்டம்.

நவம்பர் 8

முடிவு வந்துருச்சு. ரெக்ஸ்லின், தகுதி உண்டு. மத்த ஆறு பேர், தகுதி உண்டு. கனிஷ்கா, மேற்கொண்டு பரிசோதனை தேவை.

லேப்ல குச்சி மாறிப் போயிருக்கும்னு டீச்சர்கிட்ட சொன்னேன். நம்ம டிப்போவுல டூட்டி சீட்டு மாறுறதில்லையா, அது மாதிரிதான்.

நவம்பர் 9

வயித்துல ஸ்கேன் எடுத்தாங்க. ரத்தம் எடுத்தாங்க. கனி ஒரு கேள்வி கேட்கலை. பதினேழு வயசுப் பிள்ளை ஏன் எதுன்னு கேட்காம இருக்குதேன்னு எனக்குத் தோணுச்சு. தைரியசாலின்னு நினைச்சுக்கிட்டேன்.

நவம்பர் 11

இன்னிக்கு நடந்ததை அப்படியே எழுதுறேன்.

காலையில டூட்டிக்குக் கிளம்பும்போது ஆல்பத்தைத் திரும்பவும் பைக்குள்ள வெச்சேன். மேலதிகாரி யாரையாவது பார்க்கலாம்னு. பஞ்சவர்ணம் பையைப் பிடுங்கினா. "அதைக் கொண்டு போகாதீங்க. அது பொய்"ன்னா.

என்னடி பொய்னேன்.

"அவ வயசுக்கு வரலை. அன்னிக்கும் வரலை. இன்னிக்கு வரைக்கும் வரலை."

கனி அங்கேயேதான் நின்னா, ஷூ லேஸ் கட்டிக்கிட்டு. நிமிரலை.

"பதினஞ்சு முடிஞ்சும் ஒண்ணுமில்லை. உங்க அக்கா வரும்போதெல்லாம் 'இன்னும் இல்லையா, இன்னும் இல்லையா'ன்னு என் முகத்தையே பார்ப்பாங்க. தெருவுல ஒருத்தி பாக்கி விடாமக் கேட்டாங்க. தாங்க முடியலை. ஒரு நாள் வந்துட்டான்னு சொல்லிட்டேன். சொல்லி வாய் மூடுறதுக்குள்ள நீங்க மேளத்துக்கு ஆள் பிடிச்சுட்டீங்க. அப்புறம் எங்கே நிறுத்துறது?"

பிள்ளைகிட்ட நீ என்ன சொன்னேன்னு கேட்டேன். "அம்மா சொல்றபடி உட்காரு, பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன். மறு மாசம் மாவட்டப் போட்டியில ஜெயிச்சா. இப்படி ஓடுற பிள்ளைக்கு என்ன சீக்கு இருக்கப் போகுதுன்னு விட்டுட்டேன்."

கோபப்பட்டேன்னு எழுதணும். படலை. மேளத்துக்கு ஆள் பிடிச்சது நான்தானே. கனி ஷூ கட்டி முடிச்சு, "நேரமாச்சு, ஓடப் போறேன்"னு கிளம்பிட்டா. தெனமும் டைம் பார்க்கிற வாட்சை எடுத்துக்கிட்டு நான் பின்னாடி போகலை.

காரியாபட்டி ஸ்டாப்ல விசில் குடுக்க மறந்துட்டேன். ஒரு கிழவர் அடுத்த ஊர்ல இறங்கி நடந்தார்.

நவம்பர் 15

டாக்டரம்மா எங்க மூணு பேரையும் உட்கார வெச்சுச் சொன்னாங்க. பிறவியிலயே அப்படியாம். வெளியே எல்லாமே பொண்ணுக்கு உள்ள மாதிரி. உள்ளே கர்ப்பப்பை கிடையாது. கன்னத்துல தேய்ச்சதுல ஆம்பளைக்கு உள்ள குரோமோசோம் தெரியுதாம். ஆயிரக்கணக்கானவங்கள்ல ஒருத்தருக்கு இப்படி அமையும், உயிருக்கு ஆபத்தில்லை, வருஷா வருஷம் வந்து காட்டணும்னாங்க.

"எம்மக பொண்ணா, இல்லையாம்மா?"ன்னு கேட்டேன்.

"உங்களுக்குப் பொண்ணு. எனக்கும் பொண்ணு. இந்தச் சட்டம் கேட்கிற சோதனையில தேறலை."

அப்போ இது என்ன சட்டம்னு சத்தம் போட்டேன். அவங்க சத்தம் போடலை. "மத்த ஏழு பேரும் யாரோ பெத்த பொண்ணுங்கதானே சார்? அவங்களும் நியாயம் கேட்பாங்கள்ல? கோடு எங்கே போட்டாலும் யாராவது ஒரு பிள்ளை அந்தப் பக்கம் நிக்கும். இப்படி அமைஞ்சது வேற ஒருத்தர் பொண்ணா இருந்து, அது உங்க பொண்ணை ஜெயிச்சிருந்தா நீங்களே புகார் குடுத்திருப்பீங்க."

நான் சுவத்துல இருந்த காலண்டரைப் பார்த்தேன். நவம்பர் மாசத்துக்கு ஒரு குழந்தை படம்.

வரும்போது பஸ்ல கனி ஜன்னலோரம் உட்கார்ந்தா. நான் பெத்த பிள்ளை, என் மூக்கு, என் காது. பக்கத்துல உட்கார்ந்து அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன். பிடிச்சே நாலஞ்சு வருஷம் இருக்கும். கையை இழுத்துக்கலை.

நவம்பர் 20

பெண்கள் பிரிவில இனி ஓடக் கூடாதுன்னு ஆர்டர் வரணும். கூடவே கோப்பு நகலும் அனுப்புவாங்களாம், சட்டப்படி பாதிக்கப்பட்டவங்களுக்கு எல்லா ஆவணமும் பார்க்க உரிமை உண்டாம். இந்தப் பிரிவும் பேப்பர்ல வரலை. தபால்காரரைப் பார்த்து, பதிவுத் தபால் வந்தா என் கையிலதான் குடுக்கணும்னு சொல்லி வெச்சேன். ஆபீஸ் விஷயம்னேன்.

நவம்பர் 22

தபால்காரர் மாத்து ஆள். கனி கையெழுத்துப் போட்டு வாங்கிட்டா.

நான் வரும்போது சமையக்கட்டுல தரையில உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கிட்டிருந்தா. பக்கத்துல கவர் பிரிச்சுக் கிடந்துச்சு. மேலாக என் புகார். பேர், விலாசம், கையெழுத்து மேல மட்டும் கறுப்பு மை அடிச்சு மறைச்சிருக்காங்க. ரகசியத்தை நல்லாத்தான் காப்பாத்தியிருக்காங்க. மிச்சம் ரெண்டு பக்கமும் அச்சு மாதிரி என் எழுத்து. ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து அவ நோட்டு அட்டையில எல்லாம் பேரு எழுதிக் குடுத்த அதே எழுத்து.

நான் நின்னேன். அவ இன்னொரு இட்லியைப் பிட்டா.

"நான் ஜெயிச்சிருந்தா இதை எழுதியிருக்க மாட்டீங்கள்ல?"

"மாட்டேன் தாயி."

"அப்போ ஜெயிச்சிருக்கணும்."

அவ்வளவுதான் பேசினா. தட்டைக் கழுவி வெச்சுட்டுப் போயிட்டா. பஞ்சவர்ணம் அந்தக் கடுதாசியை எடுத்துப் படிச்சா. முழுசாப் படிச்சா. "நான் ஊருக்குப் பயந்து பொய் சொன்னேன். நீங்க யாருக்குப் பயந்தீங்க?"ன்னு கேட்டா.

நவம்பர் 23

டைம் இல்லை. கனி ஓடப் போகலை.

நவம்பர் 24

போகலை.

நவம்பர் 27

நான் மட்டும் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு வாட்சோட மைதானத்துக்குப் போனேன். ஒருத்தரும் இல்லை. ஒரு ரவுண்டு நடந்தேன். ஏழு நிமிஷம். முட்டி வலிக்குது.

நவம்பர் 30

என் அக்கா போன் பண்ணி "ஊர்ல என்னமோ பேசிக்கிறாங்களே"ன்னுச்சு. "ஆமா, எல்லாம் உண்மைதான். வேற எதாச்சும் கேக்கணுமா?"ன்னேன். வெச்சுட்டுது. மனசுக்கு லேசா இருந்துச்சு. அக்காவை ரெண்டு வருஷம் முந்தியே இப்படி நிறுத்தியிருக்கணும்.

டிசம்பர் 3

கனி ஒரு விண்ணப்பப் பாரத்தைக் கொண்டு வந்து என் முன்னாடி வெச்சா. மாநிலப் போட்டி, பொதுப் பிரிவு. அதுல யார் வேணா ஓடலாம். யார் வேணான்னா பையங்க. டீச்சர் விசாரிச்சதுல ஏழு பேர் குடுத்திருக்காங்க, ஏழும் பையங்க.

"தோத்துருவியே தாயி"ன்னேன்.

"தெரியும். எனக்கு ஓடணும்"னா.

பெத்தவங்க சம்மதத்தைக் கைப்பட எழுதணுமாம். சட்டைப்பையில இருந்த பேனாவை எடுத்து எழுதினேன். "என் மகள் கனிஷ்கா"ன்னு ஆரம்பிச்சு நாலு வரி. வாங்கிப் பார்த்தா. "எழுத்து எப்பவும் போல நல்லா இருக்கு"ன்னா. பதினொரு நாளைக்கு அப்புறம் இன்னிக்குத்தான் எங்கிட்ட பேசுறா.

டிசம்பர் 4

கனி 59.80. உடம்பு விட்டுப் போச்சுங்கிறா. பஞ்சவர்ணம் ரெண்டு முட்டை வெச்சா.

டிசம்பர் 9

58.35.

டிசம்பர் 15

மாநிலப் போட்டி. லீவு போட்டுட்டுப் பஞ்சவர்ணமும் நானும் போனோம்.

காலையில பெண்கள் நானூறு. ரெக்ஸ்லின் முதல். 58.97. காலேஜ் சீட்டு அதுக்குத்தான். "யப்பா!"ன்னு கத்துச்சு. இன்னிக்கு அது பொம்பளைப் பிள்ளை குரலாத்தான் கேட்டுச்சு. அந்தோணி எனக்கு ரெண்டு வரிசை கீழே உட்கார்ந்து அழுதுக்கிட்டிருந்தார்.

இறங்கிப் போய் அவர் பக்கத்துல உட்கார்ந்தேன். "அண்ணே, வாங்கண்ணே"ன்னு மக்ரூன் பொட்டலத்தை எடுத்தார். அவர் பிரிக்கிறதுக்கு முன்னாடி சொல்லிட்டேன். "அந்த நாசமாப் போறவன் நான்தான்."

அவர் பொட்டலத்தை மடிச்சு மடியில வெச்சுக்கிட்டார். அடிப்பார்னு நினைச்சேன். அடிக்கலை. மன்னிச்சிருங்கன்னேன். நான் எந்திரிக்கலை. அவரும் தள்ளி உட்காரலை.

மதியம் பொதுப் பிரிவு. எட்டு லேன், ஏழு பையங்க, எட்டாவது லேன்ல கனி. பார்க்கிற கூட்டத்துல யாரோ சிரிச்சாங்க. வெடிச் சத்தம் கேட்டதும் பையங்க போயிட்டாங்க. முன்னூறு மீட்டர்ல அவளுக்கும் ஏழாவது பையனுக்கும் நடுவுல ஒரு பஸ்ஸை நிறுத்தலாம். வேற பிள்ளையா இருந்தா விட்டிருக்கும். இவ ஏதோ யாரையோ துரத்துற மாதிரியே கடைசி வரைக்கும் ஓடினா. ரெக்ஸ்லின் கம்பி வேலியைப் பிடிச்சுக்கிட்டு "விடாதே கனீ, விடாதே!"ன்னு தொண்டை கிழியக் கத்துச்சு. பஞ்சவர்ணம் எந்திரிச்சு நின்னு கத்தினா, இருபது வருஷத்துல அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்லை.

எட்டாவது இடம். டைம் 57.60. அவ வாழ்க்கையிலயே இவ்வளவு வேகமா ஓடினதில்லை.

மூச்சு வாங்கிக்கிட்டு எங்ககிட்ட வந்தா. அந்தோணி பொட்டலத்தைப் பிரிச்சு அவ கையில ஒரு மக்ரூன் வெச்சார். "நல்லா ஓடினே தாயி"ன்னார். பஞ்சவர்ணத்துக்கும் ஒண்ணு குடுத்தார். எனக்குக் குடுக்கலை. சரிதான்.

கனி மக்ரூனை வாயில போட்டுக்கிட்டு என்னையே பார்த்தா. பிறகு கையை நீட்டி என் சட்டைப்பையில இருந்த பேனாவை உருவினா.

"அந்த ஏழு பேர் மேலயும் எழுதிப் போட்டுறாதீங்கப்பா"ன்னா.

பேனா இன்னும் அவகிட்டதான் இருக்கு. இதைப் பென்சில்ல எழுதுறேன்.